பிரண்ட்எண்ட் வேலை: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பஸ் பிள்ளைகள், உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள், அவர்களுடைய அம்மாமார், சீசன் தொடங்க முன் ஓடிவரும் கெஸ்ட் ஹவுஸ் முதலாளிமார் என்று எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டது, அதனால் எல்லாம் ஒரே இடத்தில். வரிசை எதுவும் இல்லை.

நீங்கள் செய்வது என்ன வேலை?

ஒரு இணையத்தளத்தில் கண்ணுக்குத் தெரிவதும் விரலுக்குப் படுவதும் என் பொறுப்பு. தரவைச் சேமிப்பது, காசு கழிப்பது எல்லாம் பின்பக்கத்தில் வேறு ஆட்கள் பார்க்கிறார்கள். உவர்மலையில் வீட்டில் இருந்தபடி வெளிநாட்டுக் குழு ஒன்றுக்கு வேலை செய்கிறேன், இடையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கக் கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் தளம் செய்து கொடுப்பேன். போட்டோஷொப்பில் பிறந்தநாள் பேனர் அடிப்பேனா என்றால், மாட்டேன்.

அக்கா, எதிலிருந்து தொடங்குவது? நேரே ரியாக்ட் பழகலாமா?

பழகலாம், ஆனால் பாதி வழியில் திரும்பி வரவேண்டி இருக்கும். (ரியாக்ட் என்பது உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான ஆயத்தக் கருவிப்பொதி. இப்படியான பொதியைத்தான் பிரேம்வேர்க் என்கிறோம்.) முதலில் எச்டிஎம்எல் (பக்கத்தின் எலும்புக்கூடு), சிஎஸ்எஸ் (அதன் தோற்றம்) இரண்டையும் ஒழுங்காகப் பழகுங்கள். "அது ஒரு கிழமையில் முடிந்துவிட்டது" என்று சொல்லாதீர்கள், எனக்கு இன்னும் முடியவில்லை.

உதாரணத்துக்கு, அறை பதிவு செய்யும் ஒரு சின்னப் படிவம். தொலைபேசி எண்ணுக்கு இன்புட், அதாவது நிரப்பும் பெட்டி, வைக்க வேண்டும். டைப் நம்பர் என்று போட்டால் பக்கத்தில் ஏறி இறங்கும் இரண்டு அம்புகள் வரும் (தொலைபேசி எண்ணை யார் ஒன்று கூட்டிப் பார்க்கப் போகிறார்கள்?), அப்புறம் போகிற வழியில் எங்கேயோ அது எண்ணாக மாறி, எங்கள் 026 இல் முன்னால் நிற்கும் பூச்சியம் விழுந்துவிடும். டைப் டெல் என்று போட்டால் போனில் எண் விசைப்பலகை திறக்கும், பூச்சியமும் தப்பும். அந்தப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் ஐபோன் அதைத் தொட்டவுடன் பக்கத்தையே பெருப்பித்துக் காட்டும். பெயருக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து இரண்டையும் கட்டாயமாக்கினால், தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதும் நம் ஆட்கள் இரண்டாவது பெட்டியில் ஒரு புள்ளியை அடித்துவிட்டுப் போவார்கள். ஒரே பெட்டி போதும். லேபலை (பெட்டியின் பெயரைச் சொல்லும் சொல்) இன்புட்டோடு சரியாகப் பிணைத்தால் அந்தச் சொல்லைத் தொட்டாலும் பெட்டி திறக்கும், பார்வை குறைந்தவரின் திரைவாசிப்பானும் அது என்ன பெட்டி என்று சொல்லும்.

இதில் ஒன்றுக்கும் பிரேம்வேர்க் தேவையில்லை, எந்தப் பிரேம்வேர்க்கும் இதை உங்களுக்காகச் செய்து தராது. உலாவி என்ன தருகிறது, போனைப் பிடித்திருக்கும் ஆள் அதை வைத்து என்ன செய்கிறார், இந்த இரண்டையும் தெரிந்துகொள்வதுதான் தொழில்.

சரி, பிறகு எந்த பிரேம்வேர்க்?

வேலை தேடுகிறீர்கள் என்றால் ரியாக்ட். இலங்கையில் வரும் விளம்பரங்களில் அதிகம் கேட்பது அதைத்தான், விவாதிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். ஜேகுவெரி 2006 இல் வந்தபோது அது இல்லாமல் ஒரு பக்கமும் எழுதமுடியாது என்றார்கள். 2013 இல் பேஸ்புக் ரியாக்ட்டைத் திறந்துவிட்டது, 2014 இல் வியூ, 2016 இல் ஸ்வெல்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சண்டை. இதற்கெல்லாம் அடியில் 1995 இல் பிரெண்டன் ஐக் என்பவர் அவசரம் அவசரமாக எழுதிக் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, அன்றைக்கு எழுதிய பக்கங்கள் பல இன்றைய குரோமிலும் திறக்கும். ஆகவே ரியாக்ட் பழகும்போது இது ரியாக்ட்டின் விதியா, ஜாவாஸ்கிரிப்டின் விதியா, உலாவியின் விதியா என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். நேர்முகத்தேர்வில் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ரியாக்ட்டில் ஸ்டேட் (திரைக்குப் பின்னால் வைத்திருக்கும் தரவு) மாற்றத் தெரியும், ஆனால் பட்டனை அமத்தினால் படிவம் ஏன் பக்கத்தைத் திரும்ப ஏற்றுகிறது என்று கேட்டால் தெரியாது.

ஐந்து அறை உள்ள கெஸ்ட் ஹவுஸின் தளத்துக்கு ரியாக்ட் வேண்டுமா? வேண்டாம்.

மகள், பெடியனுக்கு எந்த லாப்டொப் வாங்குறது?

16 ஜிபி ராம், எஸ்எஸ்டி. பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை, மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம். மிஞ்சும் காசில் ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள் அம்மா. லாப்டொப்புக்கு பற்றரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை.

தமிழ்த் தளங்கள் ஏன் பார்க்க வடிவில்லாமல் இருக்கின்றன?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் நான் நிறுத்தாமல் கதைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டு, கடைசி நாளில் தமிழைக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். ஆங்கில எழுத்துக்கு 1.2 என்று (எழுத்தளவின் மடங்காக) வைத்த வரி உயரம் தமிழுக்குப் போதாது, மேலே ஈகார வளைவும் கீழே ரூ, ழூ போன்றவற்றின் காலும் முட்டிக்கொள்ளும் அல்லது வெட்டுப்படும். நான் 1.6 இல் தொடங்கி எழுத்துருவைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பேன். ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடியும் பட்டன் தமிழில் மூன்று மடங்கு நீளும், ஆகவே பட்டனுக்கு நிலையான அகலம் வைக்கவே கூடாது. சாய்வெழுத்து வேண்டாம். தமிழ் எழுத்துருக்களில் அநேகமாக உண்மையான சாய்வு வடிவம் இருக்காது, உலாவி நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துச் சரித்துவிடும், அது சரிந்த மாதிரியேதான் தெரியும்.

அடுத்தது எழுத்தை எண்ணுவது. திருகோணமலை என்று எழுதுங்கள். நமக்கு ஆறு எழுத்து: தி, ரு, கோ, ண, ம, லை. ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் பத்து என்கிறது, ஏனென்றால் உயிர்க்குறிகளைத் தனித்தனியாக எண்ணுகிறது. முதல் மூன்றை வெட்டித் தா என்றால் "திர" என்று தரும். சுகந்தி என்று பெயர் கொடுத்தவரின் படம் இல்லாத வட்டத்துக்குள் "ச" என்று மட்டும் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், எல்லாம் இந்தக் கோளாறுதான். இதற்கு எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும் இன்ட்ல்.செக்மென்டர் உலாவிக்குள்ளேயே இருக்கிறது, 2024 ஏப்ரலில் பயர்பொக்ஸிலும் வந்துவிட்டது, இனிச் சாட்டுச் சொல்ல ஏலாது. க்ஷ மட்டும் அதிலும் இரண்டாகப் பிரியும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. அதே ஊர்ப்பெயருக்குச் சிலவேளை பதினொன்று என்றும் விடை வரும். கோ என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம், யூனிகோட் (எழுத்துகளுக்கான உலகப் பொது எண் முறை) இரண்டையும் ஏற்கிறது. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் தேடல் பெட்டியில் ஊர்ப்பெயரை அடித்தால் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று வரும், கீழே பட்டியலில் அதே பெயர் இருக்கும், வாடிக்கையாளர் உங்களைத்தான் பார்ப்பார். சேமிக்கும்போதும் தேடும்போதும் நோர்மலைஸ் செய்துவிடுங்கள், அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், ஒரு வரி வேலை.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளைப் பற்றியும் கேட்பீர்கள். கோயில் வரலாறு, சங்க அறிக்கை என்று ஊரில் பாதிச் சரக்கு இன்னும் அதில்தான் கிடக்கிறது. அது யூனிகோட் இல்லை, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டுகிறது. அப்படியே தளத்தில் ஒட்டினால் கூகிளுக்கும் புரியாது, திரைவாசிப்பானுக்கும் புரியாது. மாற்றிகள் நிறைய உண்டு, மாற்றியபின் ஒரு மனிதர் முழுதாக வாசித்தே ஆகவேண்டும். அந்த நேரத்துக்கும் சேர்த்துக் காசு கேளுங்கள்.

மும்மொழித் தளம் என்றால் ஒவ்வொரு மொழிப் பகுதிக்கும் அது எந்த மொழி என்று சொல்லும் லாங் அடையாளத்தைச் சரியாகப் போடுங்கள். போடாவிட்டால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்கப் பார்க்கும், கேட்கச் சகிக்காது.

என் தளம் லாப்டொப்பில் பறக்கிறது, போனில் ஊர்ந்து போகிறது. ஏன்?

படங்கள். பார்க்காமலே சொல்லுவேன், முக்கால்வாசி நேரம் படங்கள்தான். முதலாளி போனில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருப்பார், அது 400 பிக்சல் பெட்டிக்குள் நின்றுகொண்டிருக்கும். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறுக்கி வெப்பி அல்லது ஏவிஐஎஃப் என்ற சிறிய பட வடிவத்துக்கு ஆக்கினால் பெரும்பாலான படங்கள் 150 கேபிக்குள் வந்துவிடும். அகலமும் உயரமும் எச்டிஎம்எல்லில் எழுதுங்கள், இல்லாவிட்டால் படம் வந்து சேரும்போது கீழே உள்ளதெல்லாம் குதிக்கும், ஆள் விலையைத் தொடப்போய் விளம்பரத்தைத் தொடுவார். முதல் திரையில் தெரியும் பெரிய படத்துக்கு லேசி லோடிங் (தேவைப்படும்போது மட்டும் படத்தை ஏற்றுவது) போடாதீர்கள்.

கூகிளின் அளவுகள் மூன்று. முக்கிய உள்ளடக்கம் 2.5 செக்கனுக்குள் வரவேண்டும், தொட்டால் 200 மில்லிசெக்கனுக்குள் ஏதாவது நடக்கவேண்டும், பக்கம் குதிக்கும் அளவு 0.1 ஐத் தாண்டக்கூடாது. இரண்டாவதில்தான் மலிந்த அன்ட்ரொயிட் போன்கள் மாட்டிக்கொள்கின்றன, காரணம் இணைப்பு அல்ல, ஜாவாஸ்கிரிப்டை வாசித்து ஓட்ட அந்தப் போனின் மூளைக்குத் தெம்பு இல்லை. குரோமுக்குள் இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் சிபியூவை மெதுவாக்கிப் பார்க்கலாம், அதை விட நல்லது ஒரு பழைய போனை வாங்கி மேசையில் வைத்திருப்பது.

வெளிச்சத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அறைக்குள் உட்கார்ந்து வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து வைப்பவர்களை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உப்புவெளிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். புறாத்தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு என்று மணலில் நின்று போனை நெற்றிக்கு நேரே பிடித்துக் கையால் நிழல் மறைத்துப் பார்க்கிறார் ஒருவர், அவருக்கு உங்கள் #999 என்ற நிறக்குறியீட்டுச் சாம்பல் எங்கே தெரியப் போகிறது? எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு குறைந்தது 4.5 க்கு 1 என்று அணுகல்தன்மை விதி கேட்கிறது, அந்தச் சாம்பல் 2.85 தான். #767676 க்குப் போனாலே விதி தேறும். வெயிலுக்கு அதுவும் பத்தாது, நான் இன்னும் கறுப்பாக்குவேன்.

புதிது புதிதாக வருகிறதே, எப்படி ஈடுகொடுப்பது?

ஈடுகொடுக்கத் தேவையில்லை. உலாவிக்குள் வருவதை மட்டும் விடாமல் பாருங்கள், அதற்கு எம்டிஎன் என்ற இணையக் கையேடு போதும். எல்லா உலாவியிலும் ஒரு வசதி வந்துவிட்டதா என்பதை அங்கேயே பக்கத்தின் தலையில் போட்டிருப்பார்கள். உலாவியில் வரும் ஒவ்வொன்றும் உங்கள் திட்டத்தில் இருந்து ஒரு நூலகத்தை (மற்றவர் எழுதி வைத்த ஆயத்தப் பொதி) தூக்கி எறிய உதவும். பொப்அப் பெட்டிக்கான டயலொக் குறி 2022 இல் எல்லா உலாவியிலும் வந்தது, அதோடு பொப்அப் பெட்டிக்கு நூலகம் தேடுவதை நிறுத்தினேன். பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் கிரிட் 2017 இல் வந்தது, இன்னும் சிலர் பிரேம்வேர்க்கின் பன்னிரண்டு பத்தி அமைப்பை வைத்து மல்லுக்கட்டுகிறார்கள்.

ஏஐ வந்துவிட்டது. இனி இந்த வேலை இருக்குமா?

நானும் பாவிக்கிறேன், தினமும். சலிப்பான வேலைகளை நன்றாகச் செய்கிறது, பரிசோதனை நிரல் எழுதுகிறது, எனக்கு ஒருபோதும் மனதில் நிற்காத ரெகெக்ஸை (எழுத்தில் ஒரு வடிவத்தைத் தேடும் குறியீடு) எழுதித் தருகிறது. ஆனால் அது கற்றது இணையத்தில் இருப்பதை, இணையத்தில் இருப்பது என்ன லட்சணம் என்று எங்களுக்குத் தெரியும். பட்டன் இருக்கவேண்டிய இடத்தில் டிவ் என்ற வெறும் பெட்டியை வைத்து அதில் ஒன்கிளிக் (தொட்டால் ஓடும் கட்டளை) தொங்கவிடும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், டாப் விசையால் போனால் அந்த இடம் எட்டாது. எழுத்தை வெட்டும்போது தமிழை நினைக்காது. அதைப் பார்த்துப் பிடிக்க ஆள் வேண்டும், பிடிக்க வேண்டுமென்றால் தெரிந்திருக்க வேண்டும்.

கவலைப்படவேண்டிய இடம் வேறு. முன்பு புதிதாய்ச் சேரும் பிள்ளைக்குச் சின்னச் சின்ன வேலை கொடுத்துப் பழக்குவார்கள், இப்போது அந்தச் சின்ன வேலைதான் முதலில் ஏஐக்குப் போகிறது. ஆகவே முதல் கதவு ஒடுங்கியிருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். உள்ளே போக, நீங்களே ஏதாவது ஒன்றைக் கட்டி, அதை உண்மையான நாலு பேர் பாவிக்க வைத்து, அவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். வீடியோ பார்த்துச் செய்த பட்டியல் செயலி இனி எடுபடாது. ஊர்க் கோயிலின் திருவிழா நிகழ்ச்சிநிரல் என்றாலும் சரி, கிண்ணியா பஸ் நேரம் என்றாலும் சரி.

கொழும்புக்குப் போகத்தான் வேண்டுமா?

முதல் ஒன்று இரண்டு வருடம், முடிந்தால், போங்கள். கொழும்பு பிடிக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, எனக்குப் பிடிக்காது. நீங்கள் எழுதிய நிரலை இன்னொருவர் வாசித்துப் "இது ஏன் இப்படி?" என்று முகத்துக்கு நேரே கேட்கும் இடத்தில் கொஞ்ச நாள் இருந்தால் வரும் வளர்ச்சி தனியே அறைக்குள் இருந்தால் வர நாளாகும். பிறகு ஊருக்கு வரலாம், வீட்டு வாடகைக்குப் போகும் காசு மிச்சம், பின்னேரம் டச்பே கடலும் கிடைக்கும்.

ஊரில் இருந்து செய்வதற்குத் தடை இணைப்பு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ரவுணுக்குள் பைபர் இருக்கிறது, வெளியே 4ஜி ரவுட்டர், 2025 இல் ஸ்டார்லிங்கும் வந்துவிட்டது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தையே சமாளித்திருக்கிறோம். பெரிய தடை, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எழுத்தில் விளக்கத் தெரியாமல் இருப்பது. தூர வேலையில் உங்களை யாரும் காண்பதில்லை, நீங்கள் எழுதும் நாலு வரியைத்தான் காண்கிறார்கள். ஆங்கிலம் அழகாக இருக்கத் தேவையில்லை, தெளிவாக இருந்தால் காணும்.

பட்டம் தேவையா?

இருந்தால் நல்லது, முக்கியமாக வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் விசாவுக்குக் கேட்பார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் இருக்கிறது, இடம் கிடைக்காவிட்டால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிஐடி (தகவல் தொழில்நுட்பப் பட்டம்) வெளிவாரியாகச் செய்யலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஒன்லைன் பாடநெறி இலவசம். காசு கட்டிச் சேரும் ஆறு மாத டிப்ளோமாக்களில் சேர முன், அங்கே படித்து முடித்தவர் செய்த தளம் ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பெண்பிள்ளைக்கு இந்த வேலை சரிவருமா?

எனக்குச் சரிவந்திருக்கிறது. ஒன்று மட்டும், வீட்டில் இருந்து வேலை செய்தால் "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று பத்து மணிக்கு மீன் வெட்டக் கூப்பிடுவார்கள். கதவுள்ள ஒரு அறையை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டுக் காசு எப்படி வரும்? வரி உண்டா?

வங்கியில் டொலர் கணக்குத் திறந்து நேரே அனுப்பச் சொல்வது சுத்தமான வழி, பேயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவையைப் பாவிப்பவர்களும் நிறைய. வரி உண்டு: 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுக்குச் சேவை செய்து வங்கி வழியாகக் கொண்டுவரும் வருமானத்துக்கு உச்சமாக 15 சதவீதம், வருடத்துக்கு முதல் 18 லட்சம் ரூபாவுக்கு விலக்கு. இன்வொயிஸ்களைச் சேர்த்து வையுங்கள், கணக்காளர் ஒருவரிடம் போங்கள், என்னிடம் இதற்கு மேல் கேட்காதீர்கள்.

எங்கள் கெஸ்ட் ஹவுஸுக்கு ஒரு வெப்சைட் எவ்வளவு?

முதலில் நான் கேட்பது, உங்களுக்கு வெப்சைட் வேண்டுமா என்பதுதான். கூகிள் மெப்பில் இடம் சரியாக இருந்து, படங்கள் நன்றாக இருந்து, வட்ஸ்அப் எண்ணுக்கு உடனே பதில் போனால் மூன்று அறை உள்ள இடத்துக்கு அதுவே போதும். பதிவுத்தளங்களுக்குக் கொடுக்கும் கமிஷன் கையைக் கடிக்கிறது, நேரே பதிவு எடுக்க வேண்டும் என்றால் அப்போது கதைப்போம். மே மாதம் சீசன் தொடங்க, ஏப்ரல் கடைசியில் வந்து நிற்காதீர்கள். மாரியில், அறை காலியாக இருக்கும் நாட்களில் வாருங்கள், படம் எடுக்கவும் விலைப்பட்டியல் எழுதவும் அப்போதுதான் உங்களுக்கு நேரம் இருக்கும்.

யாரிடம் செய்வித்தாலும் டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். செய்து தந்த பெடியன் வெளிநாடு போய்விட்டான், பாஸ்வேர்ட் இல்லை, டொமைன் காலாவதியாகி யாரோ சூதாட்டத் தளம் நடத்துகிறான் என்று வருபவர்களுக்கு என்னால் செய்யக்கூடியது புதுப் பெயர் ஒன்று வாங்கித் தருவது மட்டும்தான். செய்து கொடுக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு: பாதிக் காசு முன்பணம், எத்தனை தரம் திருத்துவீர்கள் என்பது எழுத்தில், சொந்தக்காரர் என்றால் இரண்டும் இன்னும் கட்டாயம்.

அக்கா, என் தளத்தைப் பார்த்துச் சொல்லுவீர்களா?

சொல்லுவேன், ஸ்கிரீன்ஷொட் அனுப்பாதீர்கள், அதில் ஒன்றும் தொட முடியாது. லிங்கை அனுப்புங்கள், எந்தப் போனில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள், யாருக்காகச் செய்தீர்கள் என்று ஒரு வரி. அனுப்ப முன் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டாப் விசையால் மட்டும் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள், நான் சொல்லப்போவதில் பாதியை நீங்களே திருத்திவிடுவீர்கள். சனி, ஞாயிறில்தான் பார்ப்பேன், மூன்றாம் நாள் "அக்கா பார்த்தீங்களா" என்று கேள்விக்குறி அனுப்பினால் வரிசையில் கடைசிக்குப் போவீர்கள்.